இரவல் கர்ப்பப்பை: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

சென்ற இதழில் குழந்தையின்மை பற்றி எழுதியபோது, கர்ப்பப்பையே இல்லாத பெண்ணுக்கும் இன்னொருவரின் கர்ப்பப்பையைப் பொருத்திப் பிள்ளை பெறவைக்க முடிகிறது என்று நான்கே வரி சேர்த்திருந்தோம். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் இந்த மாதப் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. பெயர் போடாதீர்கள் என்று ஏறக்குறைய எல்லோருமே கேட்டிருக்கிறார்கள். ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

என் மகளுக்கு 19 வயது. இன்னும் வயதுக்கு வரவில்லை. மார்பு வளர்ச்சி, உயரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கர்ப்பப்பை இல்லை என்கிறார்கள். எனக்கு 44 வயது. என் கர்ப்பப்பையை அவளுக்குக் கொடுத்துவிடலாமா? கல்யாணத்துக்கு முன்பே முடித்துவிட்டால் நல்லதில்லையா? (ஒரு தாய், கானாடுகாத்தான்)

கொடுப்பதைப் பற்றிப் பிறகு பேசுவோம் அம்மா. ‘கர்ப்பப்பை இல்லை’ என்ற ஒரு வரி ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே தெரியும் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று எம்.ஆர்.கே.எச். எனப்படுவது. ஏறத்தாழ 4,500 முதல் 5,000 பெண் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி அமைகிறது. கர்ப்பப்பை உருவாகியிருக்காது, அல்லது பட்டாணி அளவில் இரண்டு மொட்டாக நின்றுபோயிருக்கும். ஆனால் சினைப்பைகள் நன்றாக வேலை செய்யும், மாதாமாதம் முட்டை வரும். அதனால்தான் மார்பு வளர்ச்சியில் குறை தெரிவதில்லை. இரண்டாவது, ஆண் ஹார்மோனை உடல் ஏற்காத பிறவி நிலை. அதில் குரோமோசோம் எக்ஸ்-ஒய் ஆக இருக்கும், சினைப்பையே இருக்காது, முட்டைக்கும் வழியில்லை. அக்குளிலும் அடிவயிற்றிலும் முடி மிகக் குறைவாக இருப்பது இதற்கு ஓர் அடையாளம். குரோமோசோம் பரிசோதனையும் டெஸ்டோஸ்டிரோன் அளவும் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். அதோடு இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

எம்.ஆர்.கே.எச். என்று உறுதியானால் சிறுநீரகத்துக்கும் ஒரு ஸ்கேன் அவசியம். இந்தப் பெண்களில் கணிசமானவர்களுக்கு ஒரு சிறுநீரகம்தான் இருக்கும், அல்லது அது இடம் மாறி இடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும். மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கச் சாப்பிடும் மருந்து சிறுநீரகத்தைத்தான் முதலில் பதம் பார்க்கும் என்பதால் இதை இப்போதே தெரிந்து வைத்திருக்க வேண்டும். பிறப்புறுப்புப் பாதையும் பல பெண்களுக்குக் குட்டையாகவே இருக்கும். அதை நீளப்படுத்துவதற்குக் கத்தி வைக்க வேண்டுமென்பதில்லை. டைலேட்டர் எனும் மழுங்கிய குச்சிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக, தினமும் சில நிமிடம், சில மாதங்கள் பயன்படுத்தினால் பெரும்பாலானவர்களுக்குப் போதுமான நீளம் கிடைத்துவிடுகிறது. மகள் தானாக விரும்பித் தொடங்க வேண்டிய காரியம் இது. நீங்கள் நெருக்காதீர்கள்.

கல்யாணத்துக்கு முன் மாற்று சிகிச்சை என்ற பேச்சுக்கே இடமில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பே கணவரின் விந்தணுவோடு சேர்த்துக் கருக்களை உருவாக்கி உறைநிலையில் வைத்திருக்க வேண்டும். முட்டை எடுப்பதற்கே சட்டப்படி பெண்ணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கர்ப்பப்பையைப் பொருத்தி அலங்காரமாக வைத்துக்கொள்ள முடியாது. அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் வீரியமான மருந்து சாப்பிட்டாக வேண்டும்.

உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். நாற்பதைத் தாண்டியதும் உதிரப்போக்கு அதிகம், சின்னக் கட்டி என்று சொன்னவுடன் ‘எடுத்துப் போட்டுவிடுங்கள்’ என்பது நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. மகளுக்குத் தரும் எண்ணம் இருந்தால், இன்னும் ஏழெட்டு வருடத்துக்கு யாராவது அப்படிச் சொன்னால் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் போன்ற வழிகளைக் கேளுங்கள். வேறோர் இடத்திலும் காட்டிக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

என் மாமியார் தன் கர்ப்பப்பையைத் தரத் தயார் என்கிறார். அப்படிப் பிறக்கும் குழந்தை யாருடையது? ஊர்வாய்க்கு என்ன பதில் சொல்வது? (தேவகோட்டை)

குழந்தை உங்களுடையது, உங்கள் கணவருடையது. முட்டை உங்களுடையது, விந்தணு அவருடையது. கர்ப்பப்பையில் முட்டை கிடையாது. அது கரு தங்கி வளரும் தசைப்பை, அவ்வளவுதான். மாமியாரின் மரபணு அதன் வழியாகக் குழந்தைக்குப் போகாது. குழந்தைக்குப் பாட்டி சாயல் வந்தால் அது உங்கள் கணவர் வழியாக வந்ததுதான்! ஊர்வாய்க்குப் பதில் எங்களிடம் இல்லை.

சட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் 2011 திருத்தமும் நெருங்கிய உறவு என்று ஒப்புக்கொள்வது கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரை மட்டும்தான். மாமியார், நாத்தனார், சித்தி, பெரியம்மா, அத்தை யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், அவர்கள் தருவதென்றால் அனுமதிக் குழு முன்பு தம்பதியும் கொடையாளரும் நேரில் போய், பணமோ நிர்ப்பந்தமோ இல்லை என்று நிரூபிக்க வேண்டும். தாயோ உடன்பிறந்த அக்கா தங்கையோ தந்தால் ஆவணங்களைச் சரிபார்ப்பதோடு வேலை சுலபமாகிறது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சொந்த விருப்பத்தைத் தனியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்று 2014 விதிகளே சொல்கின்றன. எங்களுக்கு இந்த விதி பிடிக்கும். கூட்டுக் குடும்பத்தில் ‘தரமாட்டேன்’ என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல, கதவு சாத்திய ஓர் அறை வேண்டும்.

கிட்னி மாற்றுவது போலத்தானே இதுவும்? ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? (ஒரு வாசகர், கோட்டையூர்)

கிட்னியைவிடக் கடினம். அதுவும் கொடுப்பவருக்குத்தான் கடினம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கர்ப்பப்பையை நோய்க்காக எடுக்கும்போது, ரத்தக் குழாயைக் கர்ப்பப்பை ஓரத்திலேயே கட்டி அறுத்துவிடுவார்கள், ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும். இன்னொருவருக்குப் பொருத்துவதற்காக எடுக்கும்போது அந்தக் குழாய்கள் நீளமாக, காயமில்லாமல், கர்ப்பப்பையோடு சேர்ந்தே வர வேண்டும். ஆகவே இடுப்புச் சுவர் வரை போய், பெரிய குழாயிலிருந்து அவை பிரியும் இடத்திலிருந்தே தோண்டி எடுக்க வேண்டும். கர்ப்பப்பைக்குப் போகும் தமனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான். சிரைகள் அதைவிட மோசம், வெங்காயத் தோல் மாதிரி.

உண்மையான தலைவலி யூரிட்டர், அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய். கர்ப்பப்பையின் தமனி அதன் மேலே குறுக்கே போகிறது. சிரைகளோ அதைச் சுற்றி மேலும் கீழுமாகப் பின்னிக் கிடக்கின்றன. நம் ஊர்க் கொட்டானில் பின்னல் கலையாமல், நடுவில் ஓடும் ஒரே ஓர் ஓலையை மட்டும் கிழியாமல் உருவி எடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த வேலைதான். இங்கே கை தவறினால் பின்னாளில் யூரிட்டருக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை விழுந்து, சிறுநீர் ஓயாமல் கசியும். அதைச் சரிசெய்ய இன்னோர் ஆபரேஷன். சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகள் அடிபட்டால் சில வாரமோ சில மாதமோ தானாகச் சிறுநீர் கழிக்க வராது. ஸ்வீடனில் 2012, 2013-இல் வயிற்றைத் திறந்து செய்த முதல் ஒன்பது கொடையாளர்களுக்கும் பத்து மணி நேரத்துக்குக் குறையவில்லை. இப்போது சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலும் ரோபோ கருவியிலும் நேரம் குறைந்திருக்கிறது, ரத்த இழப்பும் குறைந்திருக்கிறது. யூரிட்டர் ஆபத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

எடுத்த கர்ப்பப்பையைப் பனிக்கட்டி சூழ்ந்த கிண்ணத்தில் வைத்து, தமனி வழியாகக் குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தைச் செலுத்துவார்கள். உள்ளிருக்கும் ரத்தம் கழுவப்பட்டு, மறுபுறம் சிரையில் தெளிந்த திரவம் வரும்வரை இது நடக்கும். ஒரு பக்கத்துச் சிரையில் வரவில்லை என்றால் அந்தப் பக்கம் அடைப்பு. அதை இந்த மேசையிலேயே கண்டுபிடித்தாக வேண்டும்.

பெறுபவரின் வயிற்றில் இருபுறமும் காலுக்குப் போகும் பெரிய தமனி, சிரை இருக்கின்றன. அவற்றின் பக்கவாட்டில் சிறு துளையிட்டு, கர்ப்பப்பையின் தமனி இரண்டையும் சிரை இரண்டையும் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். மொத்தம் நான்கு இணைப்பு. கவ்வியை எடுத்ததும் வெளிறிக் கிடந்த கர்ப்பப்பை கண்ணெதிரே இளஞ்சிவப்பாக மாற வேண்டும். நீலம் பாய்ந்தால் சிரையில் ரத்தம் திரும்பவில்லை என்று அர்த்தம். பிறகு, கொடையாளரிடமிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சேர்த்து எடுத்த பிறப்புறுப்பு விளிம்பை இவருடையதோடு இணைத்து, கர்ப்பப்பை சரிந்துவிடாமல் தசைநார்களால் கட்டுவார்கள். இதற்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகலாம்.

கருக்குழாய்களை இணைப்பதில்லை. எனவே இயற்கையாகக் கரு தரிக்க முடியாது, சோதனைக்குழாய் முறை கட்டாயம்.

தோல்வி வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். குழாயில் ரத்தம் உறைவதுதான் முதல் எதிரி, அடுத்தது கிருமித்தொற்று. இரண்டு சமயத்திலும் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுத்துவிடத்தான் நேரும். அம்மாவின் உழைப்பும் மகளின் உழைப்பும் சேர்ந்து வீண். இதைத் தாங்க முடியுமா என்று இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

எனக்கு 54 வயது. 49-இல் மாதவிடாய் நின்றுவிட்டது. பத்து வருடமாகச் சர்க்கரை. இரண்டும் சுகப்பிரசவம். மகளுக்குத் தரலாமா? (புதுவயல்)

மாதவிடாய் நின்றது தடையில்லை. உலகின் முதல் வெற்றியில் கர்ப்பப்பை தந்தவருக்கு 61 வயது, மாதவிடாய் நின்று ஏழு வருடம் ஆகியிருந்தது. சில மாதம் ஹார்மோன் மாத்திரை கொடுத்து மீண்டும் உதிரம் வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் உட்சுவர் இன்னும் உயிர்ப்போடு இருக்கிறது. சுகப்பிரசவம் உங்களுக்குச் சாதகம். சிசேரியன் தழும்பு பல இருந்தால் யோசிப்பார்கள்.

சர்க்கரைதான் பிரச்சினை. அது சிறு தமனிகளைத் தடிக்கவைத்து உள்வழியைக் குறுக்கும். இரண்டு மில்லிமீட்டர் குழாயில் அதற்கு இடமில்லை. சி.டி. ஆஞ்சியோ அல்லது எம்.ஆர். ஆஞ்சியோவில் இடுப்புத் தமனிகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். நேர்மையாகச் சொன்னால், பத்து வருடச் சர்க்கரை உள்ளவரைப் பெரும்பாலான மையங்கள் ஏற்காது. புகையிலை போடும் பழக்கம் இருந்தாலும் அப்படித்தான். ரத்தப் பிரிவுப் பொருத்தம், திசுப் பொருத்தச் சோதனை, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, எச்.பி.வி. கிருமிச் சோதனை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எத்தனை பேருக்கு வெற்றி கிடைத்திருக்கிறது? நம் நாட்டில் நடந்திருக்கிறதா? (காரைக்குடி)

2000-இல் சவூதி அரேபியாவின் ஜித்தாவில் பொருத்திய கர்ப்பப்பையை 99 நாளில் எடுக்க வேண்டியதாயிற்று. காரணம், குழாயில் ரத்த உறைவு. துருக்கியில் 2011-இல், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததோ 2020-இல். நடுவில் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் மாட்ஸ் பிரான்ஸ்ட்ரோம் குழு முந்திக்கொண்டது. 2014 செப்டம்பரில் உலகின் முதல் குழந்தை அங்கே பிறந்தது. எம்.ஆர்.கே.எச். உள்ள தாய், ஒரே சிறுநீரகம். ரத்த அழுத்தம் ஏறி 32 வாரம் நிறைவதற்குள் சிசேரியன் செய்தார்கள். 1,775 கிராம் எடையில் ஆண் குழந்தை. அந்தக் குழு செய்த ஒன்பது பேரில் இருவருக்குச் சில மாதத்துக்குள் கர்ப்பப்பையை எடுக்க நேர்ந்தது. மிச்சம் ஏழு பேரில் ஆறு பேர் பிள்ளை பெற்றார்கள்.

இந்தியாவில் புனேயின் கேலக்ஸி கேர் மருத்துவமனையில் டாக்டர் ஷைலேஷ் புண்டாம்பேகர் குழு 2017 மே மாதத்தில் நாட்டின் முதல் கர்ப்பப்பை மாற்று சிகிச்சைகளைச் செய்தது. தாயிடமிருந்து மகளுக்கு, லேப்ராஸ்கோப்பி வழியாக எடுத்தது. 2018 அக்டோபரில் அங்கே பெண் குழந்தை பிறந்தது. பிரேசிலில் இறந்தவரின் கர்ப்பப்பையில் முதல் குழந்தை பிறந்தது 2017 டிசம்பரில். பிரிட்டனில் அக்கா தந்த கர்ப்பப்பையில் 2025-இல் குழந்தை பிறந்தது.

கணக்கை முழுதாக வெளியிட்டவர்களில் அமெரிக்காவின் டாலஸ் குழு முக்கியமானது. 20 பெண்களில் 14 பேருக்குக் கர்ப்பப்பை நிலைத்தது, அந்த 14 பேருமே குழந்தை பெற்றார்கள். ஆறு பேருக்கு நிலைக்கவில்லை. உயிரோடு இருந்து கொடுத்த 18 பேரில் நால்வருக்கு, மறுபடியும் ஆபரேஷன் போன்ற தலையீடு தேவைப்படும் அளவுக்குச் சிக்கல் வந்தது. பத்திரிகைகள் முதல் எண்ணைத்தான் பெரிதாகப் போடும். வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்கிறவர்கள் கடைசி எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மாற்றுக் கர்ப்பப்பையில் பிரசவ வலி தெரியுமா? (பள்ளத்தூர்)

தெரியாது. நரம்புகளை இணைப்பதில்லை. அதனால் கர்ப்பப்பை சுருங்கினாலும் பெண்ணுக்கு உறைக்காது. அதனாலேயே சுகப்பிரசவத்துக்கு விடாமல், 35 முதல் 37 வாரத்துக்குள் சிசேரியன் செய்துவிடுகிறார்கள். குழந்தை அசைவது நன்றாகத் தெரியும்.

மருந்து ஆயுள் முழுக்கவா? சாப்பாட்டில் என்ன கட்டுப்பாடு? நாங்கள் இருப்பது காரைக்குடியில், சிகிச்சை வெளியூரில். அடிக்கடி போக முடியுமா? (காரைக்குடி)

ஆயுள் முழுக்க இல்லை. கிட்னிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே அதுதான். இது இரவல் வாங்கிய பை. ஒரு பிள்ளை, அதிகம் போனால் இரண்டு. அப்புறம் சிசேரியனின்போதோ அதற்குச் சில மாதம் கழித்தோ கர்ப்பப்பையை எடுத்துவிட்டு மருந்தையும் நிறுத்துவார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் இழுக்காமல் முடிப்பதே நோக்கம்.

அதுவரை சாப்பிட வேண்டிய முதன்மை மருந்து டாக்ரோலிமஸ். சரியாக 12 மணி நேர இடைவெளி, காலை 8 என்றால் இரவு 8. ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் நாளில், காலை மாத்திரையைப் போடாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டுப் பிறகுதான் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுவிட்டுப் போய், அளவு எகிறியிருக்கிறதென்று டோஸைக் குறைத்து, பத்து நாள் கழித்து உறுப்பு நிராகரிப்பில் கொண்டுபோய் விட்டுவிடும் தவறு நடக்கக்கூடியது. பல்லவன் ரயிலில் சென்னை போய்ப் பரிசோதனை என்றால் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜும் வேண்டாம். உள்ளறையில், அலுமினிய உறையைக் கிழிக்காமல் வைத்தால் போதும்.

கூடவே அசதியோபிரின், கொஞ்சம் ஸ்டீராய்டு தருவார்கள். சில இடங்களில் ஆரம்பத்தில் மைக்கோபினோலேட் என்ற மருந்தும் உண்டு. அது கருவில் ஊனத்தை உண்டாக்கும். கரு வைப்பதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே அதை நிறுத்தி மாற்றியாக வேண்டும். டாக்டர் சொல்வார்தான், இருந்தாலும் மருந்துச் சீட்டை நீங்களும் படியுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டையும் தொடக்கூடாது. டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். ஊர்த் தோட்டத்தில் காய்த்தது என்று யாராவது கொண்டுவந்து வைப்பார்கள், கவனம். லேகியம், கஷாயம், ‘கர்ப்பப்பை பலத்துக்கு’ என்று வரும் பொடிகள் எதுவும் டாக்டருக்குத் தெரியாமல் உள்ளே போகக்கூடாது. அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால், தெருவில் வெட்டி வைத்த பழம், கொதிக்கவைக்காத கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். மருந்து ரத்த அழுத்தத்தை ஏற்றும், சர்க்கரையையும் ஏற்றும். எனவே ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய்க்குக் கையை இழுத்துப் பிடிக்க வேண்டும். மற்றபடி வேகவைத்த செட்டிநாட்டுச் சமையலில் பயப்பட ஒன்றுமில்லை, கவுனி அரிசி உட்பட. அதில் சர்க்கரையை மட்டும் குறைத்துப் போடுங்கள். பொட்டாசியம் அளவு ஏறியிருப்பதாக ரிப்போர்ட் வந்தால் இளநீரையும் வாழைப்பழத்தையும் நிறுத்துங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். பூஞ்சைக்குத் தரும் ஃப்ளுகோனசோல், தொண்டை வலிக்கு எழுதும் எரித்ரோமைசின் இரண்டும் டாக்ரோலிமஸைத் தாறுமாறாக ஏற்றும். காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் அதையே அடியோடு இறக்கிவிடும். ஆகவேதான் காசநோய்ச் சோதனையை அறுவை சிகிச்சைக்கு முன்பே முடிப்பார்கள். தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மைத் தடுப்பூசிகளையும் ஒரு மாதம் முன்பே போட்டாக வேண்டும். உயிருள்ள கிருமித் தடுப்பூசி என்பதால் மருந்து தொடங்கிய பிறகு போட முடியாது.

போய்வரும் கணக்கைச் சொல்கிறோம். இந்தக் கர்ப்பப்பையை உடல் நிராகரிக்கிறதா என்பதை ரத்தத்தில் காட்டிக்கொடுக்கும் சோதனை கிடையாது. வலியும் இருக்காது. கர்ப்பப்பை வாயிலிருந்து சிறு துணுக்கைக் கிள்ளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் வழி. முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. மயக்க மருந்து தேவையில்லை, ஐந்து நிமிட வேலை. நிராகரிப்பின் ஆரம்பம் தெரிந்தால் மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசியில் பெரும்பாலும் அடங்கிவிடும். எனவே முதல் மூன்று மாதம் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு எடுத்துத் தங்குவதுதான் சரி. இங்கிருந்து போய் வருகிறேன் என்பது நடைமுறைக்கு ஒத்துவராது. முதல் மாதவிடாய் ஒன்றிரண்டு மாதத்தில் வரும். கரு வைப்பது ஸ்வீடனில் ஒரு வருடம் கழித்து என்று இருந்தது, டாலஸில் ஆறு மாதத்துக்குள்ளேயே தொடங்கினார்கள். எங்கேயும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு கருதான். இரட்டைக் குழந்தை ஆசை இங்கே வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் போன் செய்ய வேண்டும்.

இத்தனை பாடுபடுவதற்கு வாடகைத்தாய் சுலபமில்லையா? அல்லது எங்கள் வழக்கப்படி பிள்ளை கூட்டிக்கொள்ளலாமா, அதாவது தத்தெடுக்கலாமா? (பொன்னமராவதி)

உடம்புக்குச் சுலபம்தான், சந்தேகமில்லை. 2021-ஆம் ஆண்டு வாடகைத்தாய்ச் சட்டப்படி பணம் கொடுத்து அமர்த்த முடியாது. மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் மட்டும் தரலாம். சுமக்கும் பெண் 25 முதல் 35 வயதுக்குள், திருமணமாகித் தன் குழந்தை உள்ளவராக இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவை. தம்பதியில் மனைவிக்கு 23 முதல் 50, கணவருக்கு 26 முதல் 55. கர்ப்பப்பை இல்லாதது சட்டம் ஏற்கும் காரணம். மாவட்ட மருத்துவக் குழுவின் சான்றும் மாஜிஸ்திரேட் உத்தரவும் முன்கூட்டியே வேண்டும். சட்டத்தைவிட ஆள் கிடைப்பதுதான் கடினம். எம்.ஆர்.கே.எச். பெண்களுக்குச் சினைப்பை சில சமயம் வழக்கத்தைவிட மேலே இருக்கும், முட்டையை வயிறு வழியாக எடுக்க நேரலாம் என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

பிள்ளை கூட்டுவதற்கு நகரத்தார் வீடுகளில் முறையும் சடங்கும் உண்டு, புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, சமூக வழக்கம் வேறுவிதமாக அனுமதித்தாலொழிய, குழந்தை 15 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். சடங்கோடு நிற்காமல் பத்திரத்தைப் பதிவும் செய்துவிடுங்கள். பிற்காலத்தில் பங்கு பிரிக்கும்போது சடங்குப் புகைப்படத்தைவிட அது பேசும். எங்கள் அபிப்பிராயம் கேட்டால், தானே சுமந்து பெற வேண்டும் என்ற ஆசை உங்களுக்கே எவ்வளவு என்பதுதான் கேள்வி. மாமியாருக்கோ பெரியவர்களுக்கோ அந்த ஆசை இருக்கிறது என்பதற்காகப் பத்து மணி நேர ஆபரேஷனுக்கு யாரும் படுக்க வேண்டியதில்லை.

பணம் கொடுத்தால் கர்ப்பப்பை தர ஆள் இருக்கிறது என்று ஒருவர் போனில் பேசுகிறார். (தேவகோட்டை)

போனை வைத்துவிடுங்கள். வாங்குபவருக்கும் சேர்த்துத்தான் தண்டனை. ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

எனக்கு 31 வயது. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் கர்ப்பப்பையை எடுத்தார்கள். குழந்தையும் தங்கவில்லை. அம்மா தருவதாகச் சொல்கிறார். முதல் முறை போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்? (ஆத்தங்குடி)

உங்களைப் போன்றவர்களுக்கும் இது பொருந்தும் சகோதரி. பிறப்புறுப்பு நீளம் இயல்பாக இருப்பது உங்களுக்கு ஒரு சாதகம். முந்தைய ஆபரேஷனால் உள்ளே குடல் ஒட்டியிருக்கலாம் என்பது பாதகம். பெறுபவர் வயதைப் பெரும்பாலும் 40-க்குள் வைக்கிறார்கள், அதனால் அவசரமில்லை. ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

அந்தப் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு இரண்டும் முக்கியம். சினைப்பைகளை விட்டுவைத்தார்களா என்பது அதில்தான் இருக்கும். எவ்வளவு ரத்தம் ஏற்றினார்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். கர்ப்பமும் ரத்தம் ஏற்றியதும் உடலில் பிறர் திசுவுக்கு எதிரான எதிர்ப்புரதங்களை உண்டாக்கியிருக்கலாம், அம்மாவோடு பொருத்தச் சோதனையில் அது வெளிவரும். எடுத்த கர்ப்பப்பையின் பயாப்ஸி ரிப்போர்ட், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தச் சோதனை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனை, கணவரின் விந்துப் பரிசோதனை, இருவரின் ரத்தப் பிரிவு ஆகியவையும் வேண்டும். அம்மாவுக்கு அவருடைய பிரசவ விவரம், கடைசியாக எடுத்த சர்க்கரை, ரத்த அழுத்தக் கணக்கு. உறவை நிரூபிக்க உங்கள் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பழைய குடும்ப அட்டை. அந்த மருத்துவமனைக்கு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் இந்த உறுப்புக்கு உரிமம் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். இதுவரை எத்தனை செய்தார்கள், அதில் எத்தனை கர்ப்பப்பைகளைத் திரும்ப எடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டில் பெயரும் வயதும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இனிஷியல் மாறியிருந்தாலே அனுமதிக் கோப்பு வாரக்கணக்கில் நின்றுவிடும்.